தாமதமாக வரும் சம்பளமும் வரவே வராத சம்பளமும்

வாசகி கேள்வி:

என் கணவர் வாஷிங்டனில் அமெரிக்க வேளாண் துறையில் புள்ளியியலாளர், ஜி.எஸ்.-13 சம்பள நிலை. மேரிலாந்தில் ஜெர்மன்டவுனில் இருக்கிறோம். இரண்டு பிள்ளைகள். நான் வேலைக்குப் போகவில்லை. 2025 அக்டோபரில் நிதி ஒதுக்கீடு நிறைவேறாமல் அரசு முடங்கியபோது அவரை ஃபர்லோவில், அதாவது சம்பளமில்லாத கட்டாய விடுப்பில், அனுப்பினார்கள். 43 நாள் சம்பளமில்லாமல் வீட்டில் இருந்தார். பிறகு பணம் வந்துவிட்டது, ஆனால் அந்த ஆறு வாரக் கடனைக் கிரெடிட் கார்டில் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறோம். மறுபடி அக்டோபர் 1, புது நிதியாண்டு, வருகிறது. “இந்த முறை பாக்கிச் சம்பளம் கிடைக்காமலும் போகலாம்” என்கிறார்களே, உண்மையா? ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 10,000 டாலர் எடுத்து வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாமா? பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தால் தப்பா? சும்மா இருக்கிற நேரத்தில் மதுரைக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்றும் சொல்கிறார். அங்கே தெருவில் “உன் பையனை சஸ்பெண்ட் பண்ணிட்டாங்களாமே” என்று கேட்டதில் என் மாமியார் உடைந்துபோய்விட்டார். நகையை அடகு வைத்துப் பணம் அனுப்பட்டுமா என்கிறார். என் தம்பியும் இங்கேதான் இருக்கிறான். எச்-1பி விசாவில் ஓர் ஒப்பந்த நிறுவனம் வழியாக அரசுத் துறை ஒன்றின் மென்பொருள் வேலை. அவனுக்கு அந்த ஆறு வாரச் சம்பளம் வரவேயில்லை. “நானே விரும்பி லீவு எடுக்கிறேன்” என்று மெயில் அனுப்பச் சொன்னார்களாம், அனுப்பியிருக்கிறான். “அது அப்படித்தான் அக்கா” என்கிறான்.

பெயர் வேண்டாம், ஜெர்மன்டவுன்

நிதி ஆலோசகர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

தம்பியைப் பற்றிக் கடைசியில் நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் அவசரமான விஷயம் அதுதான். கணவருடைய பணம் தாமதமாக வந்த பணம். தம்பியுடையது இன்றுவரை வராத பணம், அதைக் கேட்டு வாங்கக் கெடுவும் இருக்கிறது. அதனால் அவரிடமிருந்தே தொடங்குகிறேன்.

“அது அப்படித்தான்” என்று அவர் சொல்வது குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்குப் பொருந்தும். அரசு ஊழியருக்குப் பாக்கிச் சம்பளம் தரும் சட்டம் ஒப்பந்த நிறுவன ஊழியர்களைத் தொடுவதே இல்லை. அவர்களுக்கும் கொடுங்கள் என்று மசோதாக்கள் வந்தன, எதுவும் சட்டமாகவில்லை. ஒரே தளத்தில், பக்கத்துப் பக்கத்து மேஜையில், ஒரே வேலையைச் செய்யும் இருவரில் ஒருவருக்கு நவம்பரில் பணம் வரும், இன்னொருவருக்கு வராது. வாஷிங்டனின் வட்டச்சாலையான பெல்ட்வேயைச் சுற்றியுள்ள நம் ஆட்களில் கணிசமானோர் இந்த இரண்டாவது மேஜைக்காரர்கள்தான்.

எச்-1பி விஷயம் வேறு. வேலை இல்லை என்று நிறுவனம் சும்மா உட்கார வைத்தால்கூட, விசா மனுவில் எழுதிக்கொடுத்த சம்பளத்தைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது தொழிலாளர் துறையின் விதி. நம் பையன்கள் ‘பெஞ்சில் வைப்பது’ என்று சொல்வார்களே, அதைத் தடுக்கத்தான் இந்த விதி. வாடிக்கையாளர் அரசாங்கமாக இருந்தாலும், அரசு முடங்கியதால்தான் வேலை நின்றது என்றாலும், அந்த இழப்பு நிறுவனத்துடையது. விதிவிலக்கு ஒன்று உண்டு. ஊழியர் தன் சொந்தக் காரணத்துக்காக, தானாகவே விடுப்புக் கேட்டிருந்தால் சம்பளம் தர வேண்டியதில்லை. அந்த மெயிலை ஏன் எழுதி வாங்கினார்கள் என்பது இப்போது புரிந்திருக்கும்.

மெயில் அனுப்பியதால் எல்லாம் முடிந்துவிடவில்லை. ஆனால் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. விடுப்பை உண்மையில் யார் விரும்பினார்கள் என்பதுதான் கேள்வி. வேலையை நிறுத்தச் சொல்லி வந்த அறிவிப்பு, “இப்படி ஒரு மெயில் போடுங்கள்” என்று மேலாளர் அனுப்பிய செய்தி, குழுவில் மற்றவர்களுக்கும் அதே வாசகம் போயிருந்தால் அது, அந்த மாதங்களின் சம்பளச் சீட்டுகள் என எல்லாவற்றையும் இன்றைக்கே தன் சொந்தக் கணக்கில் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள். புகார் தொழிலாளர் துறையின் ஊதிய, வேலைநேரப் பிரிவுக்குப் போக வேண்டும். படிவத்தின் பெயர் டபிள்யூ.எச்.-4. தவறு நடந்த கடைசி நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். முடக்கம் முடிந்த 2025 நவம்பர் 12-ஐ வைத்து எண்ணாதீர்கள். அவரைத் திரும்ப அழைத்த தேதி இன்னும் முன்னதாக இருக்கலாம். செப்டம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடுவது நல்லது. அக்டோபர் பிறந்து மறுபடி முடக்கம் வந்தால் புகாரை வாங்க வேண்டியவர்களே ஃபர்லோவில் போய்விடுவார்கள்!

புகார் கொடுத்ததற்காகப் பழிவாங்கக் கூடாது என்று சட்டமே தடுக்கிறது. இருந்தாலும் அவர் பயம் எனக்குப் புரிகிறது, விசா அவர்கள் கையில் இருக்கிறது. அதனால் முதலில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்கட்டும். நிறுவனத்தின் வழக்கறிஞர் வேண்டாம், அவர் சொந்தமாக வைக்கும் ஆளாக இருக்க வேண்டும். இது ஆறு வாரச் சம்பளத்தோடு முடிகிற விஷயமும் இல்லை. நாளைக்கு வேறு நிறுவனத்துக்கு மாறும்போது சம்பளச் சீட்டு கேட்பார்கள். நடுவில் ஆறு வார ஓட்டை இருந்தால் விசா நிபந்தனையைச் சரியாகக் காப்பாற்றினாரா என்ற கேள்வி அவர் தலையில்தான் விழும். அக்காவாக நீங்கள் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன்.

இனி உங்கள் வீடு.

பாக்கிச் சம்பளம் உறுதியா என்ற கேள்விக்கு என் பதில்: தொகையில் எனக்குச் சந்தேகம் இல்லை, தேதியில்தான் இருக்கிறது. 2018 டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீண்ட முடக்கத்தின் நடுவே, 2019 ஜனவரி 16 அன்று கையெழுத்தான சட்டம் ஒன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வரும் எந்த முடக்கத்திலும், வீட்டுக்கு அனுப்பப்பட்டவர், சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர் இருவருக்குமே முழுச் சம்பளமும் தர வேண்டும், முடக்கம் முடிந்ததும் முடிந்தவரை சீக்கிரம் தர வேண்டும் என்கிறது அது. அதற்கு முன் 1995-96, 2013 முடக்கங்களின்போது அப்படி நிரந்தரச் சட்டம் இல்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் அந்தந்த நேரத்தில் தனியாக அனுமதி கொடுத்துத்தான் பணம் வந்தது.

நீங்கள் கேள்விப்பட்ட செய்தியும் பொய்யில்லை. 2025 அக்டோபரில் வெள்ளை மாளிகையின் பட்ஜெட் அலுவலகத்திலிருந்து ஒரு வரைவுக் குறிப்பு வெளியே கசிந்தது. 2019-இல் சில நாள் கழித்து நடந்த ஒரு திருத்தத்தில், முடக்கத்தை முடித்து வைக்கும் நிதிச் சட்டம் நிறைவேறுவதற்கு உட்பட்டே இந்தச் சம்பளம் என்ற பொருளில் ஒரு சொற்றொடர் நுழைந்தது. அதைப் பிடித்துக்கொண்டு, வீட்டிலிருந்தவர்களுக்குக் காங்கிரஸ் தனியாகப் பணம் ஒதுக்கினால்தான் உண்டு என்று அந்தக் குறிப்பு வாதிட்டது. சட்டத்தை எழுதியவர்களே அதை ஏற்கவில்லை. கடைசியில் நவம்பர் 12 அன்று கையெழுத்தான சட்டத்திலேயே பாக்கிச் சம்பளம் எல்லோருக்கும் என்று எழுதிவிட்டதால் விவாதம் நீதிமன்றம்வரை போய் முடிவாகவில்லை. அடுத்த முடக்கத்தில் யாராவது இதை மறுபடி கிளப்பலாம். கிளப்பினாலும் கடைசியில் பணம் வரும் என்பதே என் கணிப்பு. லட்சக்கணக்கான ஊழியர்கள் எல்லாத் தொகுதிகளிலும் இருக்கிறார்கள், அவர்கள் வயிற்றில் அடித்துவிட்டு வாக்குக் கேட்கப் போக எந்தக் கட்சிக்கும் துணிச்சல் வந்ததில்லை.

இங்கே பலரும் போட்டுக் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2013 கோடையில் பாதுகாப்புத் துறையின் சிவிலியன் ஊழியர்களை ஆறு நாள் ஃபர்லோவில் அனுப்பினார்கள். அந்தப் பணம் திரும்ப வரவில்லை. அது முடக்கம் இல்லை, செலவைக் குறைக்க எடுத்த நிர்வாக முடிவு. “எனக்குத் தெரிந்தவருக்குப் பணமே தரவில்லை” என்று உங்கள் கணவரிடம் யாராவது சொன்னால் எந்த ஃபர்லோ என்று கேட்கச் சொல்லுங்கள்.

இப்போது கணக்கைப் பிரித்துப் பார்ப்போம். வாஷிங்டன் பகுதியில் ஜி.எஸ்.-13-இன் முதல் படிச் சம்பளம் 2025-இல் ஆண்டுக்கு 120,579 டாலர். இரண்டு வாரத்துக்குப் பிடித்தம் போகுமுன் ஏறக்குறைய 4,620. அவர் படி இன்னும் மேலே இருந்தால் அதற்கேற்பக் கூட்டிக்கொள்ளுங்கள். 43 நாளில் வேலை நாட்கள் 31. ஆக நின்றுபோனது சுமார் 14,300 டாலர். ஆனால் அது ஒரே நாளில் நிற்கவில்லை. செப்டம்பர் 21 முதல் அக்டோபர் 4 வரையிலான சம்பளச் சுற்றில் ஏழு நாள் வேலை பார்த்திருந்தார், மூன்று நாள்தான் போயிற்று. அதனால் முதல் சம்பளம் எழுபது சதவீதம் வந்தது. அடுத்த இரண்டு சுற்றும் முழுப் பூஜ்யம். மூன்றாவது சுற்று முடிவதற்குள் முடக்கம் முடிந்துவிட்டது. அதுவரை வந்ததிலேயே நீளமான முடக்கம் என்று பெயரெடுத்ததில் உங்கள் வங்கிக் கணக்கு பார்த்த பள்ளம் இரண்டேகால் சம்பளத்துக்குச் சற்று மேல். அந்த அளவுக்குத்தான் நீங்கள் தயாராக வேண்டும். கிரெடிட் கார்டில் கடன் நிற்பதற்குக் காரணம் சம்பளம் போனது இல்லை. அந்த இரண்டேகால் சம்பளத்தை இருபது சதவீதத்துக்கு மேல் வட்டி போடும் இடத்தில் வாங்கியதுதான்.

பாக்கிப் பணம் வந்த சீட்டை எடுத்துப் பாருங்கள், மொத்தத் தொகைக்கும் கைக்கு வந்ததற்கும் இடையில் பெரிய இடைவெளி இருக்கும். மருத்துவக் காப்பீடு முடக்கத்தில் ரத்தாகவில்லை. ஆனால் பிரீமியத்தில் உங்கள் பங்கு ஒவ்வொரு சுற்றுக்கும் சேர்ந்துகொண்டே போய், சம்பளம் வந்ததும் மொத்தமாகப் பிடிக்கப்பட்டிருக்கும். ஓய்வூதியப் பங்கு, டி.எஸ்.பி. எனப்படும் ஓய்வுக்காலச் சேமிப்பு, வருமான வரி எல்லாம் அதே போலத்தான். “நம்மை ஏமாற்றிவிட்டார்கள்” என்று ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் யாராவது என்னிடம் சீட்டோடு வருவார்கள். சுற்று சுற்றாகப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் கணக்கு சரியாகவே இருக்கும். அடுத்த முறை மருந்துக் கடையிலோ மருத்துவமனையிலோ காப்பீடு இருக்குமோ இருக்காதோ என்று தயங்க வேண்டாம், இருக்கும். ஆயுள் காப்பீடும் அப்படியே தொடரும்.

டி.எஸ்.பி.-யிலிருந்து 10,000 டாலர். இதற்கு என் பதில் வேண்டாம் என்பதுதான். வேலையில் இருக்கும்போது, 59½ வயதுக்குள், நெருக்கடி என்று காரணம் காட்டி வழக்கமான கணக்கிலிருந்து அந்தத் தொகையை எடுத்தால் பத்து சதவீத அபராதம், அதாவது 1,000 டாலர். நீங்கள் 22 சதவீத வரி அடுக்கில் இருந்தால் இன்னும் 2,200. மேரிலாந்து மாநில வரியும் கவுன்டி வரியும் தனி. எடுத்ததைத் திருப்பிப் போடவும் முடியாது. ஆறு வாரத்தில் வந்துவிடப்போகிற பணத்துக்காக மூவாயிரத்துக்கு மேல் நிரந்தரமாகத் தொலைப்பது எந்தக் கணக்கில் சேர்த்தி? அதிலும் அக்டோபர் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வைக்கப் பார்க்கிறார். முடக்கமே வராமல் போனாலும் வரி வந்துவிடும்.

எடுத்தே தீர வேண்டுமென்றால் அதே டி.எஸ்.பி.-யில் கடன் உண்டு. வட்டி குறைவு, அந்த வட்டியும் உங்கள் கணக்குக்கே வந்து சேரும். அதற்கும் முன்னால் கூட்டுறவு வங்கி மாதிரியான கிரெடிட் யூனியனைப் பாருங்கள். ஃபெடரல் ஊழியர்களை நம்பியே நடக்கும் பல கிரெடிட் யூனியன்கள் முடக்க நாட்களில் சம்பள அளவுக்கு வட்டியில்லாக் கடன் கொடுக்கின்றன. நிபந்தனை பெரும்பாலும் ஒன்றுதான். சம்பளம் ஏற்கெனவே அவர்களிடம் நேரடியாக வந்து விழுகிற கணக்காக இருக்க வேண்டும். அக்டோபர் 2-ஆம் தேதி கணக்குத் தொடங்கப் போய் நின்றால் நடக்காது. இந்த மாதமே சம்பளக் கணக்கை மாற்றுங்கள்.

வீட்டுக்கடன் கொடுத்தவரிடம் பேசுவதும் அப்படித்தான், தவணைத் தேதிக்கு முன்பே பேச வேண்டும். ஃபர்லோ கடிதத்தின் நகலை அனுப்பித் தவணையைத் தள்ளிவைக்கக் கேட்கலாம், பெரும்பாலும் கிடைக்கும். “சரி மேடம், பார்த்துக்கொள்கிறோம்” என்று தொலைபேசியில் சொல்வதை நம்பி வைத்துவிடாதீர்கள். தள்ளிவைத்த தவணையை முடிவில் மொத்தமாகக் கேட்பார்களா, கடன் காலத்தின் கடைசியில் சேர்ப்பார்களா, கிரெடிட் நிறுவனங்களுக்கு ‘தவறியது’ என்று தகவல் போகுமா, இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்குங்கள். கணவருடைய பதவிக்குப் பின்னணிச் சரிபார்ப்பு இருந்தால் அந்தக் கடிதங்களுக்கு இன்னொரு மதிப்பும் உண்டு. கடன் சேர்ந்தது தன் கட்டுப்பாட்டில் இல்லாத காரணத்தால், கடன்காரர்களிடம் ஒழுங்காகப் பேசியிருக்கிறார் என்று பின்னாளில் காட்ட அவைதான் சாட்சி.

இரண்டேகால் சம்பளத்தை இனி எப்படிச் சேர்ப்பது? டி.எஸ்.பி.-யில் அவர் ஐந்து சதவீதத்துக்கு மேல் போட்டுக்கொண்டிருந்தால், இப்போதிலிருந்து அக்டோபர்வரை ஐந்தாகக் குறைத்து மிச்சத்தைச் சாதாரண சேமிப்புக் கணக்கில் போடுங்கள். ஐந்துக்குக் கீழே போனால் அரசு சேர்த்துப் போடும் பங்கு குறைந்துவிடும், அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டாம். கார்டுக் கடனை அடைப்பதா, இதைச் சேர்ப்பதா என்று கேட்பீர்கள். ஒரு மாத அத்தியாவசியச் செலவு கையில் சேரும்வரை சேமிப்பு, பிறகு கார்டு. வழக்கமாக நான் நேர்மாறாகச் சொல்பவன். ஆனால் ஒற்றைச் சம்பள வீட்டில் அக்டோபர் 1 என்று நாள் குறித்துக்கொண்டு வருகிற ஆபத்துக்கு வழக்கமான வரிசை உதவாது.

வேலையில்லாதோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம், விண்ணப்பியுங்கள். வீட்டுக்கு அனுப்பப்பட்ட ஃபெடரல் ஊழியருக்கு உரிமை உண்டு. சம்பளமில்லாமல் முழுநேரமும் வேலைக்குப் போகிறவருக்குப் பொதுவாகக் கிடையாது. நீங்கள் மேரிலாந்தில் குடியிருந்தாலும் அவர் பணியிடம் வாஷிங்டன் என்று ஆவணத்தில் இருப்பதால் விண்ணப்பம் வாஷிங்டன் நகர நிர்வாகமான டி.சி.-க்குப் போக வேண்டும். சென்ற முறை பலர் மேரிலாந்தில் போட்டுவிட்டு வாரக்கணக்கில் அலைந்தார்கள். 2025-இல் டி.சி.-யில் வாரத்துக்கு அதிகபட்சம் 444 டாலர், மேரிலாந்தில் 430. ஃபர்லோ கடிதத்தோடு தரும் எஸ்.எஃப்.-8 படிவம், பணியிடம் அச்சிட்டிருக்கும் எஸ்.எஃப்.-50, சம்பளச் சீட்டுகள் தேவைப்படும். பாக்கிச் சம்பளம் வந்ததும் வாங்கிய உதவித்தொகையைத் திருப்பித் தர வேண்டும், இதை மறந்துவிட்டு மாட்டிக்கொள்பவர்கள் நிறைய. வட்டியில்லாக் கைமாற்று என்று நினைத்துக்கொண்டு வாங்குங்கள். குடியுரிமை அல்லது கிரீன் கார்டு வைத்திருக்கும் ஒப்பந்த ஊழியர் கதை இங்கே தலைகீழ், அவருக்குப் பின்னால் சம்பளம் வராததால் உதவித்தொகை அவருக்கே சொந்தம்.

டியூஷனில் தப்பில்லை. ஆனால் ஃபர்லோவில் இருந்தாலும் அவர் அரசு ஊழியர்தான், நன்னடத்தை விதிகள் ஒன்றுகூட ஓய்வெடுப்பதில்லை. பல துறைகளில் வெளிவேலைக்கு முன்அனுமதி வேண்டும், அதைக் கொடுக்கும் அதிகாரியும் அக்டோபர் 1-இல் வீட்டுக்குப் போய்விடுவார். இப்போதே எழுதிக் கேட்டுவிடட்டும். பக்கத்துப் பிள்ளைகளுக்கு அல்ஜீப்ரா சொல்லிக்கொடுப்பதைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. அவர் பயிர் மதிப்பீட்டில் வேலை செய்கிறவராக இருந்து, தானிய வியாபார நிறுவனம் ஒன்று “சும்மாதானே இருக்கிறீர்கள், கொஞ்சம் ஆலோசனை சொல்லுங்கள்” என்று கூப்பிட்டால், அங்கேதான் ஓடி வந்துவிட வேண்டும். 2025 அக்டோபரில் வேளாண் துறையின் மாதாந்திரப் பயிர் அறிக்கையே வராமல் சந்தை இருட்டில் நின்றது. அந்த மாதிரி நேரத்தில் அவருக்குத் தெரிந்ததற்கு விலை அதிகம், ஆபத்தும் அதிகம்.

அலுவலக லேப்டாப்பைத் தொடவே கூடாது என்பதையும் அவர் நம்ப மறுத்திருப்பார். முதல் நாள் காலையில் போய், சில மணி நேரத்தில் கோப்புகளைப் பத்திரப்படுத்தி, ‘நிதி ஒதுக்கீடு இல்லாததால் பதில் தர இயலாது’ என்று தானியங்கி மெயில் வைத்துவிட்டு வந்த பிறகு, சும்மா ஒரு மெயிலைப் படிப்பதுகூட விதிமீறல். ஒதுக்கீடில்லாமல் அரசு யாரிடமும் இலவசமாகக்கூட வேலை வாங்கக் கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம். அதனால் வேண்டியதையெல்லாம் செப்டம்பரிலேயே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எஸ்.எஃப்.-50 படிவங்கள், பணி மதிப்பீடுகள், சம்பளச் சீட்டுகள், விடுப்பு இருப்பு ஆகியவை அவருடைய சொந்த ஆவணங்கள், நகல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு. சென்ற முறை முடக்கத்தின் நடுவே, அக்டோபர் 10 அன்று நான்காயிரத்துக்கும் மேற்பட்டோருக்குப் பணிநீக்கக் கடிதம் போயிற்று. சான்பிரான்சிஸ்கோ நீதிமன்றம் தடுத்தது, பிறகு நவம்பர் சட்டம் அவற்றை ரத்தும் செய்தது. ஃபர்லோ வேறு, பணிநீக்கம் வேறு. ஆனால் நவம்பர் சட்டம் கொடுத்த பாதுகாப்பு 2026 ஜனவரி 30-வரைதான். ஆவணங்கள் கையில் இருந்தால் எது வந்தாலும் பதில் சொல்லலாம்.

இன்னொன்று. ஆறு வாரம் அவர் எரிந்து விழுந்தார் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. அத்தியாவசியம் இல்லாதவர் என்று தன் முதலாளியே அனுப்பி வைத்ததை யாரும் சுலபமாக எடுத்துக்கொள்வதில்லை. வீட்டு வரவுசெலவை இத்தனை நாள் நீங்கள் பார்த்திருந்தால் கடன்காரர்களிடம் பேசும் வேலையை அந்த நாட்களில் அவரிடம் கொடுத்துவிடுங்கள். டிவிச் செய்தியை நாள் முழுக்கப் பார்ப்பதைவிட அது நல்லது.

மாமியாருக்கு என்ன சொல்வது? நகை பெட்டியிலேயே இருக்கட்டும் என்று முதலில் சொல்லுங்கள். இங்கே வட்டியில்லாமல் கிடைக்கிற பணத்துக்கு அங்கே வட்டி கட்ட வேண்டியதில்லை. சஸ்பெண்ட் என்று கேட்பவர்களுக்கு: நம் ஊரில் பட்ஜெட் தாமதமானால் இடைக்காலமாக ‘வோட் ஆன் அக்கவுண்ட்’ வாங்கிச் சம்பளத்தைப் போட்டுவிடுவார்கள், தேர்தல் ஆண்டுகளில் அவர்களே செய்தியில் கேட்டிருப்பார்கள். அமெரிக்காவிலும் 1980-க்கு முன்பு ஒதுக்கீடு தாமதமானால் அலுவலகங்கள் எப்படியோ சமாளித்து ஓடின. அந்த ஆண்டு பெஞ்சமின் சிவிலெட்டி என்ற அட்டர்னி ஜெனரல், பணம் ஒதுக்கப்படாவிட்டால் மூடத்தான் வேண்டும் என்று சட்டக் கருத்துச் சொன்னார், அதிலிருந்து வந்த வினை இது. 2025-இல் ஒரு மதிப்பீட்டின்படி 6.7 லட்சம் பேர் வீட்டுக்குப் போனார்கள், 7.3 லட்சம் பேர் சம்பளமில்லாமல் வேலை பார்த்தார்கள். பதினான்கு லட்சம் பேரை யாரும் சஸ்பெண்ட் செய்வதில்லை. பணிப் பதிவேட்டில் இது தண்டனையாக ஏறாது என்பதை மட்டும் அத்தையிடம் அழுத்திச் சொல்லுங்கள், ஓய்வூதியம் பாதிக்குமோ என்ற பயம் அவர் தலைமுறைக்கு அதிகம்.

மதுரைப் பயணம். ஃபர்லோவை லீவாக நினைத்து டிக்கெட் போட வேண்டாம். நவம்பர் 12 இரவு சட்டம் கையெழுத்தானது, 13 காலை வேலைக்கு வா என்று உத்தரவு. அன்று அவர் மதுரையில் இருந்திருந்தால் சென்னைக்கு வந்து விமானம் ஏறி வாஷிங்டனில் இறங்க இரண்டு நாளாவது ஆகியிருக்கும். அதற்கு விடுப்புக் கேட்கலாம், மேலாளர் நல்லவராக இருந்தால் கொடுப்பார். கொடுக்காவிட்டால் அனுமதியில்லாமல் வராதவர் என்று பதிவாகும், அது உண்மையிலேயே ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியலாம். முன்பே அனுமதி வாங்கிய விடுப்பும் முடக்கம் தொடங்கினால் தானாக ரத்தாகி ஃபர்லோவாக மாறிவிடும், முடக்கம் முடிந்த நாளில் மறுபடி கேட்டு வாங்க வேண்டும். பின்னணிச் சரிபார்ப்புள்ள பதவி என்றால் வெளிநாட்டுப் பயணத்தை முன்கூட்டித் தெரிவிக்கும் விதியும் அப்போது நடப்பில் இருக்கும்.

அம்மாவைப் பார்க்க வேண்டுமென்றால் செப்டம்பர் நடுப்பகுதிக்குள் போய்த் திரும்பட்டும். இல்லாவிட்டால் நிதிச் சட்டம் நிறைவேறிய பிறகு, பொங்கலையொட்டி எல்லோருமாகப் போங்கள். பொங்கலுக்கு இப்போதே டிக்கெட் எடுப்பதானால் பணம் திரும்பக் கிடைக்கிற டிக்கெட்டாகப் பார்த்து எடுங்கள். கிரெடிட் கார்டில் போடாதீர்கள்.